மலையைக் கெல்லி எலி பிடித்தார்களா?

(தொலைக்காட்சிக் கருத்துமேடையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டில் பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கவிருக்கிறது என்றால் அரங்கங்கள் எழும்பும். போட்டி முடிந்து விருந்தினர்கள் ஊர் திரும்பியதும், ‘இனி இந்த அரங்கத்தை என்ன செய்வது?’ என்ற கேள்வி எழும்பும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறிய நகரங்கள் பல. கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியது. அதன் முதன்மை அரங்கத்துக்காக வாங்கிய கடன் அடைபட்டது 2006ஆம் ஆண்டில். புகையிலை மீது தனி வரி விதித்து, 30 ஆண்டுகள் தவணை கட்டினார்கள். அந்த ஒலிம்பிக் நடந்தபோது பிறந்த குழந்தை வளர்ந்து, வேலைக்குப் போய், அந்தக் கடனுக்கும் சேர்த்தே வரி கட்டியிருக்கும்.

மாண்ட்ரியல் பெரிய நகரம். எப்படியோ தாங்கிக்கொண்டது. மிகச் சிறிய ஊர் ஒன்று இப்படிப்பட்ட பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்? நார்வே நாட்டில் யொவிக் என்றொரு சிறு நகரம் ஏற்றுக்கொண்டது. அதுவும் சமதரையில் அரங்கம் கட்டவில்லை. ஊருக்குள் இருக்கும் மலையைக் குடைந்து அதன் வயிற்றுக்குள் கட்டியது. ‘மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாற்போல’ என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. யொவிக் மக்கள் பிடித்தது எலியா, வேறெதுவுமா என்பதுதான் இந்த உரையின் பொருள்.

ஏரிக்கரை ஊர்

நார்வேயின் ஆகப் பெரிய ஏரி மியோசா. தலைநகர் ஒஸ்லோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் சென்றால், அந்த ஏரியின் மேற்குக் கரையில் யொவிக் இருக்கிறது. 1861ஆம் ஆண்டில் நகரத் தகுதி பெற்ற ஊர். நகராட்சி எல்லை முழுவதையும் சேர்த்தாலும் இன்று சுமார் 30,000 பேர்தான் வாழ்கிறார்கள். தோ பாயோ போன்ற ஒரே ஒரு வீவக நகரில் இருப்போர் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

தொழில்தான் ஊரின் அடையாளம். தூண்டில் போடும் பழக்கமுள்ள நேயர்கள் முஸ்தாத் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். உலகெங்கும் விற்கப்படும் அந்தத் தூண்டில் முட்கள் பிறந்த இடம் இந்த வட்டாரம்தான்.

1988ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சோல் நகரில் அனைத்துலக ஒலிம்பிக் குழு கூடியது. 1994ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்தும் உரிமையை யொவிக்கின் அண்டை ஊரான லில்லஹம்மருக்கு வழங்கியது. லில்லஹம்மரும் சிறிய ஊரே. எல்லாப் போட்டிகளையும் ஓர் ஊரே சுமக்க முடியாது என்பதால் அரங்கங்கள் சுற்று வட்டார ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஏரியின் எதிர்க்கரையில் உள்ள ஹாமாருக்கு விரைவுப் பனிச்சறுக்கு கிடைத்தது. யொவிக்கின் பங்குக்கு வந்தது ஐஸ் ஹாக்கியில் ஒரு பகுதி.

ஏன் மலைக்குள்?

ஐஸ் ஹாக்கிக்கு 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளம் வேண்டும். அதைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் அமர இடம் வேண்டும். பார்ப்பவர்களின் கண்ணை மறைக்கும் தூண் ஒன்றுகூட நடுவில் இருக்கக்கூடாது. இத்தனையையும் மலைக்குள் அமைக்கலாம் என்ற துணிச்சல் யொவிக்குக்கு எங்கிருந்து வந்தது?

நார்வே பாறை நாடு. மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சிகளிலிருந்து கிடைக்கிறது. மின்னாக்கி எந்திரங்களை மலைக்குள் குடைந்த கூடங்களில் வைப்பது அங்கு நெடுநாள் வழக்கம். அப்படிப்பட்ட நிலத்தடி மின்நிலையங்கள் அந்நாட்டில் ஏறக்குறைய 200 உள்ளன. பாறையைக் குடையும் வேலை அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த தொழில்.

இரண்டாவது காரணம் போர் அச்சம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆபத்துக் காலத்தில் மக்கள் ஒதுங்குவதற்குப் பாதுகாப்பிடங்கள் கட்டும் பழக்கம் அங்கு வேரூன்றியது. போர் வராத நாட்களில் அந்த இடம் சும்மா கிடக்கலாமா? ஒஸ்லோவின் ஹோல்ம்லியா வட்டாரத்தில் 1983ஆம் ஆண்டு மலைக்குள் விளையாட்டுக்கூடமும் நீச்சல் குளமும் அமைத்தார்கள். அமைதிக் காலத்தில் பிள்ளைகள் விளையாடலாம்; அவசரக் காலத்தில் 7,000 பேர் ஒதுங்கலாம். சிங்கப்பூரர்களுக்கு இது புதிதல்ல. பெருவிரைவு ரயில் நிலையங்கள் சில இங்கும் குடிமைத் தற்காப்புப் புகலிடங்களாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வீவக வீடுகளில் உள்ள பாதுகாப்பு அறை பல குடும்பங்களுக்கு அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைக்கும் அறையாகவும் பயன்படுகிறது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. யொவிக்கில் முன்பே ஒரு மலை நீச்சல் குளம் இருந்தது. 1970களின் நடுப்பகுதியில் ஊர் மக்கள் அதே மலைக்குள் 25 மீட்டர் குளம் ஒன்றை அமைத்து, பிள்ளைகளுக்கு அதில் நீச்சல் சொல்லிக் கொடுத்து வந்தார்கள். தொலைத்தொடர்புச் சாதனங்களுக்கும் அங்கே ஒரு கூடம் இருந்தது. ஒலிம்பிக் வாய்ப்பு வந்தபோது, இருப்பதோடு இன்னொன்றைச் சேர்ப்பதுபோல அரங்கத் திட்டத்தை வகுத்தார்கள். ஊருக்கு வெளியே வயல்வெளியில் புதுக் கட்டடம் எழுப்பியிருந்தால் சாலை, வாகன நிறுத்துமிடம், வெப்பமூட்டும் வசதி எல்லாம் புதிதாக வேண்டியிருந்திருக்கும்.

பாறைக் கூரை நிற்பது எப்படி?

வேலை 1991ஆம் ஆண்டு தொடங்கியது. 1993ஆம் ஆண்டு மே மாதம் அரங்கம் திறக்கப்பட்டது. கூடத்தின் அகலம் 61 மீட்டர், நீளம் 91 மீட்டர், உயரம் 25 மீட்டர். எட்டு மாடி வீவக புளோக் ஒன்று அதற்குள் அடங்கிவிடும். வெளியே எடுக்கப்பட்ட பாறை ஏறக்குறைய 141,000 கன மீட்டர். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளங்கள் ஐம்பதுக்கு மேல் நிரப்பக்கூடிய அளவு அது. அதை வெளியே கொண்டுவர லாரிகள் 29,000 நடை போயின.

கேட்பவர்கள் அனைவருக்கும் எழும் சந்தேகம் ஒன்று உண்டு. தூணே இல்லாமல் 61 மீட்டர் அகலத்துக்குப் பாறைக் கூரை எப்படி நிற்கிறது? அதற்கு மேலே 25 முதல் 50 மீட்டர் வரை பாறை கனமாக உட்கார்ந்திருக்கிறதே, கீழே ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கும்போது அது இறங்கிவிடாதா?

இதற்கு விடை அந்தப் பாறைக்குள்ளேயே இருந்தது. யொவிக் மலை மிகப் பழமையான நைஸ் என்ற வகைப் பாறையால் ஆனது. விரிசல்கள் நிறைய உண்டு. ஆயினும், அந்த மலையில் பக்கவாட்டிலிருந்து வரும் அழுத்தம், மேலிருந்து வரும் எடையைவிட மிக அதிகம். இரண்டு கைகளுக்கு இடையே புத்தகங்களை வரிசையாக வைத்து இறுக்கித் தூக்கினால் நடுவில் உள்ள புத்தகம் விழுவதில்லை அல்லவா? கைகளைத் தளர்த்தினால்தான் விழும். மலையின் பக்கவாட்டு அழுத்தம் அந்தக் கைகளைப் போலக் கூரைப் பாறைகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கூரையை வளைவாகக் குடைந்ததும் அதற்காகத்தான்.

பொறியாளர்கள் மலையை மட்டும் நம்பிவிடவில்லை. பாறைக்குள் 6 மீட்டர் நீள எஃகுக் கம்பிகளையும் 12 மீட்டர் நீள எஃகு வடங்களையும் சீரான இடைவெளியில் செலுத்தி இறுக்கினார்கள். எஃகு இழைகள் கலந்த கான்கிரீட்டைக் கூரை முழுவதும் சுமார் 10 சென்டிமீட்டர் தடிப்புக்குப் பீய்ச்சியடித்தார்கள். ஒரேயடியாகக் குடையவும் இல்லை. முதலில் கூரையின் நடுப்பகுதி, பிறகு இரு பக்கங்கள், கடைசியாக அடிப்பகுதி என்று படிப்படியாகப் போனார்கள்.

இவற்றைவிட முக்கியமானது, குடையத் தொடங்குமுன்பே மலையின் மேலிருந்து துளையிட்டு அளவுக் கருவிகளை இறக்கி வைத்ததுதான். ஒவ்வொரு கட்டத்திலும் கூரை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொண்டே வேலை நடந்தது. கணினி மூலம் முன்கூட்டியே கணித்த அளவுக்கும் உண்மையில் நடந்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேலை முடிந்தபோது, 61 மீட்டர் அகலக் கூரை இறங்கியிருந்தது 7 அல்லது 8 மில்லிமீட்டர் மட்டுமே. பாறைப் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்றளவும் யொவிக் ஒரு பாடமாக இருப்பதற்கு அந்த எண்ணே காரணம்.

16 நாள், 16 ஆட்டங்கள்

1994ஆம் ஆண்டு பிப்ரவரி 12 முதல் 27 வரை 16 நாட்கள் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. ஐஸ் ஹாக்கியில் 12 நாடுகள் மோதின. யொவிக் மலையரங்கில் நடந்தவை 16 ஆட்டங்கள். இறுதி ஆட்டம் லில்லஹம்மரின் ஹாகோன் அரங்கில் நடந்தது. அதில் கனடாவை வென்று சுவீடன் தங்கம் பெற்றது. உலகத் தொலைக்காட்சிகளில் பெரிதும் காட்டப்பட்டது அந்த ஆட்டம்தான். யொவிக்குக்குக் கிடைத்தவை முதல் சுற்று போன்ற ஆட்டங்கள்.

இதற்காக அரங்கத்துக்கு ஆன செலவு 134.6 மில்லியன் குரோனர். 16 ஆட்டங்களுக்கு என்று வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 8 மில்லியன் குரோனருக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால், மலையைக் கெல்லி எலியைத்தான் பிடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

விழா முடிந்த மறுநாள்

ஆனால் ஒலிம்பிக் சுடர் அணைந்த பிறகும் யொவிக் அரங்கத்தில் விளக்கு அணையவில்லை. மறு ஆண்டே, 1995இல், குறுந்தட விரைவுப் பனிச்சறுக்கு உலக வெற்றியாளர் போட்டி அங்கு நடந்தது. பெண்கள் பிரிவில் ஒட்டுமொத்த வெற்றியாளர் பட்டம் பெற்றவர் தென்கொரியாவின் சுன் லீ-கியுங். 1994, 1998 என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்ற வீராங்கனை அவர்.

இந்தப் பெயர் சிங்கப்பூருக்கு அந்நியமானதல்ல. பிற்காலத்தில் இங்கு வந்து பயிற்றுவிப்பாளரானார். 2018ஆம் ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் முதல் பிரதிநிதியாகக் களமிறங்கிய ஷயேன் கோவுக்குப் பயிற்சி தந்தவர் அவரே. நார்வே மலைக்குள் உலகப் பட்டம் வென்றவரின் கைப்பக்குவம் வெப்ப நாட்டுப் பிள்ளை ஒருத்தியை ஒலிம்பிக்கில் கொண்டுபோய் நிறுத்தியது.

2016ஆம் ஆண்டு லில்லஹம்மரில் இளையர் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, குறுந்தடப் பனிச்சறுக்கு மீண்டும் யொவிக் மலையரங்குக்கே வந்தது. கட்டி 23 ஆண்டுகள் ஆன அரங்கம் அது. 1994இல் பயன்பட்ட அரங்கங்கள் பலவும் அந்த விழாவில் மறுபடியும் பயன்பட்டன. புதிது புதிதாகக் கட்ட வேண்டிய தேவை எழவில்லை.

பெரிய விழாக்கள் எப்போதோ ஒருமுறைதான் வரும். அரங்கத்தின் உண்மையான வாழ்க்கை அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில்தான் இருக்கிறது. உள்ளூர் ஹாக்கிக் குழுவின் பயிற்சி, பிள்ளைகளின் சறுக்கு வகுப்பு, இசை நிகழ்ச்சிகள், கண்காட்சிகள் என்று பல வேலைகளுக்கு அந்தக் கூடம் பயன்பட்டது. நகர மையத்துக்கு அருகிலேயே இருப்பதால் பள்ளிப் பிள்ளைகள் நடந்தே வந்துவிட முடியும்.

மலைக்குள் இருப்பதால் வேறு சில நன்மைகளும் உண்டு. வெளிச்சுவர் இல்லை, ஆண்டுதோறும் சாயம் பூச வேண்டியதில்லை. கூரைமேல் பனி குவியாது. வெளியே உறைபனியோ கோடையோ, பாறையின் குளிர் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் பனித்தளத்தைப் பராமரிக்கும் மின்செலவு குறைகிறது.

மறைக்கக்கூடாத குறைகள்

எல்லாம் இனிப்பு என்று சொல்லிவிட்டால் அது உண்மையாகாது. இருக்கைகள் ஏறத்தாழ 5,500. நகராட்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் அரங்கம் நிறையும். சாதாரண நாட்களில் அது நடக்கிற காரியமல்ல. காற்றோட்டம், விளக்கு, தீ விபத்து நேர்ந்தால் கூட்டத்தை வெளியேற்றும் சுரங்கப் பாதைகள் ஆகியவற்றுக்கு எப்போதும் கவனமும் செலவும் தேவை. கட்டடத்தை இடித்துப் பெரிதாக்குவதுபோல மலைக்கூடத்தை நினைத்தபடி மாற்றியமைக்கவும் முடியாது.

நார்வே அரசாங்கமும் இதை உணர்ந்திருந்தது. ஒலிம்பிக் அரங்கங்களின் பிற்காலப் பராமரிப்புக்கென்று தனி நிதி ஒதுக்கப்பட்டது. கட்டுவதற்கு மட்டும் பணம் தந்துவிட்டுச் சின்ன ஊர்களின் தலையில் சுமையை இறக்கிவைக்கவில்லை. வீட்டைக் கட்டித் தந்தால் மட்டும் போதாது, விளக்கேற்ற எண்ணெயும் வேண்டும் என்று புரிந்துகொண்ட செயல் அது.

இந்தக் குறைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், 16 நாள் விழாவுக்காகக் கட்டிய அரங்கம் ஒன்று முப்பது ஆண்டுகளைக் கடந்தும் ஊருக்குப் பயன்படுகிறது. செலவை 16 ஆட்டங்களுக்கு வகுத்தபோது வந்த எண் வேறு. இத்தனை ஆண்டுகளின் ஒவ்வொரு பயிற்சி நாளுக்கும் வகுத்தால் வரும் எண் வேறு. மலைக்குள் அகப்பட்டது எலியல்ல என்று யொவிக் மக்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சிங்கப்பூருக்கு என்ன பாடம்?

நார்வேயில் நிலம் ஏராளம். சிங்கப்பூரில் நிலம்தான் பஞ்சம். ஆகவே நிலத்துக்கு அடியில் இடம் தேடும் அவசியம் இங்குதான் அதிகம். 1990களிலேயே புக்கிட் தீமா கருங்கல் பாறையில் குகைக்கூடங்கள் அமைக்க இயலுமா என்று ஆராய்ந்தார்கள். 2008ஆம் ஆண்டு மண்டாயில் நிலத்தடி வெடிமருந்துக் கிடங்கு திறக்கப்பட்டது. அதனால் மேலே ஏறக்குறைய 300 ஹெக்டர் நிலம் மிச்சமானது. 2014ஆம் ஆண்டு ஜூரோங் தீவில், கடலுக்கும் கீழே 130 மீட்டர் ஆழத்தில் ஐந்து குகைகள் திறக்கப்பட்டன. 1.47 மில்லியன் கன மீட்டர் எண்ணெய்ப் பொருட்களை அவற்றில் சேமிக்கலாம். அந்தக் குகைகள் ஒவ்வொன்றின் அகலமும் 20 மீட்டர். யொவிக் கூடம் அதைப்போல மூன்று மடங்கு அகலம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சின்ன ஊரின் துணிச்சல் விளங்கும்.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2012ஆம் ஆண்டு ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூப் கடைத்தொகுதியில் பனித்தளம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் ஒரே ஒலிம்பிக் அளவுப் பனித்தளமாக அது விளங்கியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அந்தக் கடைத்தொகுதி மூடப்பட்டது. அவ்விடத்தில் குடியிருப்பு எழுப்பத் திட்டமிடப்பட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. குடியிருக்க வீடும் வேண்டும்தான். தரைக்கு மேலே இருக்கும் எந்த இடத்துக்கும் நாளை வேறொரு தேவை போட்டிக்கு வந்துவிடும். யொவிக் அரங்கத்துக்கு அந்தப் போட்டி இல்லை. அதன் தலைக்கு மேலே மலை மலையாகவே இருக்கிறது.

நிலத்தடி மட்டுமே விடை என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் யொவிக்கைப் போன்ற பாறை இருக்காது. அந்த ஊரிடமிருந்து கற்க வேண்டியது வேறு. தன்னிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தது. தன் மக்களுக்குக் கைவந்த தொழிலை நம்பியது. பிள்ளைகள் நீந்தப் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒலிம்பிக் அரங்கத்தையும் வைத்தது. விருந்தினர் போன பிறகு வீட்டில் இருக்கப்போவது யார் என்பதை மறக்கவில்லை.

சிங்கப்பூரும் இந்தப் பாதையில் யோசித்திருக்கிறது. 55,000 இருக்கைகள் கொண்ட தேசிய விளையாட்டரங்கத்தை உள்ளடக்கிய காலாங் விளையாட்டு நடுவம் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தனியார் கூட்டமைப்பு நடத்திவந்த அந்த நடுவத்தை 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அரசாங்கத் தரப்பு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சமூகத்தினரும் பள்ளிகளும் அதைக் கூடுதலாகப் பயன்படுத்த வழிசெய்வது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று. பெரிய இசை நிகழ்ச்சி நடக்கும் இரவில் அரங்கம் நிறைவது பெருமைதான். ஆனால் வேலை நாள் ஒன்றின் மாலையில் பள்ளிப் பிள்ளைகள் அங்கு ஓடுகிறார்களா, முதியவர்கள் நடக்கிறார்களா என்பதே அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டும்.

எனவே, எந்த வட்டாரத்தில் புதிய அரங்கத்துக்கான திட்டம் அறிவிக்கப்பட்டாலும் குடியிருப்பாளர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. திறப்பு விழாவுக்கு யார் வருகிறார்கள், இருக்கைகள் எத்தனை என்பவற்றை நாளிதழ்களே சொல்லிவிடும். விழா முடிந்த அடுத்த வாரம் அந்தக் கதவு யாருக்குத் திறந்திருக்கும்? கட்டணம் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? பத்தாண்டுகள் கழித்துப் பழுது பார்க்கப் பணம் எங்கிருந்து வரும்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு மலையைக் குடைந்தாலும் சரி, மைதானத்தில் கட்டினாலும் சரி, போட்ட பணம் வீணாகாது.